பஸ்ஸில் போய் மலையேறுவோம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த வண்டி இல்லை. பஸ்ஸை மட்டும் நம்பி இந்தப் பக்கம் மலையேற முடியுமா?

தாராளமாக முடியும். எனக்கும் வண்டி கிடையாது. பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய்த்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் நிலத்தின் அமைப்பே அதற்குத் தோதானது. ஊட்டி மாதிரி மலைக்காக ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டியதில்லை. வயல், மாந்தோப்பு, அதன் நடுவில் திடீரென்று ஒரு மொட்டைப் பாறை, அடிவாரத்தில் ஒரு ஊர், ஊருக்கு ஒரு பஸ். பாராமகால் என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள், பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. அந்தக் கோட்டைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பாறைக் குன்றுகளின் தலையில்தான் இருக்கின்றன. கோட்டை இருந்தால் அடியில் பேட்டை, அதாவது கோட்டையை ஒட்டிய ஊர், இருக்கும், பேட்டைக்கு ரோடு இருக்கும். ஆக, அந்தக் காலத்தில் வெட்டிய படியில்தான் இன்றைக்கும் ஏறுகிறோம்.

முதல் தடவை போகிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

கிருஷ்ணகிரிக் கோட்டை. யோசிக்கவே வேண்டாம்.

சேலம், தருமபுரி, ஓசூர், திருப்பத்தூர் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் வந்துகொண்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பழையபேட்டை என்று கேட்டால் டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு, காலையாக இருந்தால் நடந்தே போகலாம். மலை ஊருக்கு மேலேயே நிற்பதால் வழி தவறாது. மேலே தர்கா இருப்பதால் சையத் பாஷா மலை என்று கேட்டாலும் யாரும் காட்டுவார்கள்.

ஆரம்பத்தில் படிகள் ஒழுங்காக இருக்கும். கொஞ்சம் ஏறியதும் கட்டிய படி எது, பாறையிலேயே செதுக்கிய படி எது என்று வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். செதுக்கிய படியைக் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும், ஓரங்கள் சொரசொரப்பாகவே இருக்கும். எத்தனை கால்கள் பட்டுத் தேய்ந்ததோ! மழை பெய்த மறுநாள் அந்தக் குழியில் ஒரு கை அளவு தண்ணீர் நிற்கும், அணில் வந்து குடிக்கும். இறங்கும்போது அந்த வழவழப்பில் கால் வைக்காமல் ஓரமாக வையுங்கள். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் சறுக்கும்.

மேலே மதில் துண்டுகள், பாழடைந்த கட்டடங்கள், மழைநீர் தேங்கும் சுனைகள், தர்கா. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை கீழேயிருந்த பேட்டையைப் பிடித்துவிட்டது, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அது ஏன் என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், பாதிவழி ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது தானாகப் புரியும். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம் பிடிக்கும். தெளிவான நாளில் கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணையின் தண்ணீர் பளிச்சென்று தெரியும்.

தர்காவுக்குச் செல்பவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டுப் போனால் போதும்.

ராயக்கோட்டை எப்படி?

என் தனிப்பட்ட விருப்பம் கேட்டால் கிருஷ்ணகிரியைவிட ஒரு படி மேலே ராயக்கோட்டையை வைப்பேன். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி என்று மூன்று பக்கமிருந்தும் பஸ் உண்டு, தருமபுரியிலிருந்து வருபவர்கள் பாலக்கோடு வழியாக வரலாம். சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் ஸ்டேஷனும் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வருபவர்கள் பயணிகள் ரயில் நேரம் ஒத்துவந்தால் அதையே பிடிக்கலாம்.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் உங்களை வரவேற்பது தக்காளிதான். பெட்டி பெட்டியாக அடுக்கி, லாரி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலைத் தாண்டி மலையடிக்கு வந்தால் சத்தம் அப்படியே அடங்கிவிடும். 1791 ஜூலையில் மேஜர் கௌடி என்பவரின் ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைத் திப்புவிடமிருந்து பிடித்தது. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதுமே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. மைசூருக்குப் போகும் கணவாயைப் பார்த்தபடி நிற்கும் மலை என்பதால் இதற்கு அத்தனை மதிப்பு. மேலே நின்று மேற்கே பார்த்தால் அந்த வழி அப்படியே கண்முன் விரியும்.

பாதை கிருஷ்ணகிரியைவிடப் புதர் மண்டியது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் முள்ளும் உண்ணியும் சேர்ந்தே கிடைக்கும், முழுக்கால் பேண்ட் போட்டுப் போங்கள். கிருஷ்ணகிரிக் கோட்டையும் இதுவும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை.

அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கே போகலாம்?

முட்டி நன்றாக இருந்தால் தீர்த்தமலை. முட்டி வலி இருந்தால் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை.

ஓசூர் மலை ஏற்றம் என்று சொல்லுமளவுக்குப் பெரிதல்ல. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம், ரோடும் மேலே வரை போகிறது. காலை நடைக்குச் சரி.

தீர்த்தமலை வேறு. அரூர் போய், அங்கிருந்து 16 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. அடிவாரத்தில் ஒரு கோயில், மேலே தீர்த்தகிரீசுவரர் கோயில். அருணகிரிநாதர் பாடிய தலம். ராமர் இங்கே காலைப் பூசைக்குக் கங்கைத் தண்ணீர் கொண்டுவர அனுமனை அனுப்பினாராம். அனுமன் வர நேரமாகிவிட, ராமர் பாறையில் அம்பெய்ய, அதிலிருந்து தீர்த்தம் கொட்டியதாம். தாமதமாக வந்த அனுமன் கொண்டுவந்த தண்ணீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தம். அங்கே ஆற்றில் குளித்துவிட்டுப் பிறகு மலையேறுவது பழைய வழக்கம். மேலே ராமதீர்த்தம் பாறை உச்சியிலிருந்து சொட்டுச் சொட்டாக, சில நாள் சரமாக விழும். ஏறி வந்த வியர்வையோடு அதில் தலையைக் காட்டும்போது வரும் சிலிர்ப்பை எந்தக் குளியலறையும் தராது.

ஏற்றம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பெரியவர்களை அவசரப்படுத்த வேண்டாம். குரங்குகள் அதிகம், பையில் பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் போதும், வந்துவிடும். தேங்காய், பழத்தைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள். மாசிமகத் திருவிழாவின்போது கூட்டம் அலைமோதும், நடக்க வேண்டும் என்று போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

பழைய காலத்து இடங்களுக்கு நடந்துபோக ஆசை. கோட்டையைவிடப் பழையது ஏதாவது உண்டா?

இரண்டு சொல்கிறேன். ஒன்று, மல்லசந்திரம். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் சூளகிரிக்கு முன்னால் சாமல்பள்ளத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். எல்லாப் பஸ்ஸும் அங்கே நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். அங்கே மொட்டைப் பாறை முழுவதும் கல்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி வைத்து, ஒரு பக்கக் கல்லில் மட்டும் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். அந்த வட்டத்தில் கையை வைத்துப் பார்த்தேன், விளிம்பு அவ்வளவு சீராக இருந்தது. ஏற்றம் குறைவு, ஆனால் நிழலே கிடையாது.

இன்னொன்று, பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி அருகில் மயிலாடும்பாறை. இங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதாவது 4,200 வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே இரும்பு இருந்திருக்கிறது. ஆய்வுக் குழிகள் நமக்காகத் திறந்திருக்காது, பாறை ஓவியங்களும் குன்றும்தான் பார்க்க முடியும். அதனால் முதலில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனால், பார்க்கிற கல்லுக்கு அர்த்தம் புரியும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

குளிர்ச்சியான மலை ஏதும் இல்லையா?

தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறினால் காப்பி, மிளகு, சாமை வயல், சின்னச் சின்ன ஊர்கள். தருமபுரி நகரத்தின் தலைக்கு மேலேயே இருந்தும், இந்த மலைக்குப் பஸ் ஏற ஆரம்பித்தது அண்மையில்தான். அதுவரை பிள்ளைத்தாய்ச்சியைக்கூட மிகவும் சிரமப்பட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பஸ்ஸில் ஏறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அது மலை மக்களின் பஸ். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் இருப்பார்கள். சீட்டை விட்டுக்கொடுங்கள், நடைபாதையில் பெரிய பையைப் போட்டு அடைக்காதீர்கள். ட்ரிப் குறைவு. போகும்போதே, திரும்பி எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டுவைப்பது கட்டாயம்.

அரூரிலிருந்து சித்தேரி மலைக்கும் பஸ் உண்டு. வத்தல்மலையைவிட ஒதுக்குப்புறம், மேலே நடக்க ஊர்ப் பாதைகள் ஏராளம். ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள பாதையில் மட்டும் நடங்கள், காட்டுக்குள் திரும்பும் ஒற்றையடிப் பாதை வேண்டாம்.

காட்டுக்குள் ட்ரெக்கிங் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும். ஒதுக்குக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அதை வெறும் சட்டம் என்று பார்க்காதீர்கள். காய்ந்த புல்லில் தீ பிடித்தால் மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனைவிட வேகமாக ஓடும்.

முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறையும் அரசும் சேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். அதில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் குத்திராயன் உச்சியும், அய்யூர்–சாமி ஏரி பாதையும் உண்டு. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். குத்திராயன் கடினமான ஏற்றம், பழக்கம் இல்லாதவர்கள் முதலில் சாமி ஏரியைப் பாருங்கள். தேன்கனிக்கோட்டை வரை ஓசூரிலிருந்து பஸ் நிறைய. அங்கிருந்து பாதை தொடங்கும் இடத்துக்குப் போவதுதான் பஸ்ஸில் வருபவர்களுக்குச் சிக்கல், பதிவு செய்யும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நான்கு பேராகச் சேர்ந்து வண்டி பிடியுங்கள். தீ அபாயம் உள்ள மாதங்களில், பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, பாதைகளை மூடிவிடுவது வழக்கம்.

ஒகேனக்கலில் நடக்கலாமா?

தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாகப் பஸ் நிறைய. ஆனால் அது அருவிக்கும் பரிசலுக்கும் மீனுக்கும் போகிற இடம். பென்னாகரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவில் ரோடு காட்டுக்குள் போகிறது, யானை கடக்கும். பஸ்ஸிலிருந்து நடுவில் இறங்கி நடக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பஸ் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

போனில் தேடிக் கிடைக்கும் நேரப் பட்டியலை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். கிராமத்து டவுன் பஸ் நேரம் பள்ளி லீவுக்கு மாறும், ட்ரிப் கட் ஆகும். மூன்று பேரிடம் கேட்கலாம். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் டைம் கீப்பர். ஏறிய பஸ்ஸின் கண்டக்டர். இறங்கிய ஊரின் டீக்கடைக்காரர். மூன்று பேரும் மூன்று நேரம் சொன்னால் டீக்கடைக்காரர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அந்தப் பஸ் வருவதைப் பார்த்து டீ போடுபவர் அவர்தான்.

கேட்கிற விதமும் முக்கியம். "பஸ் எப்போ?" என்று கேட்டால் "வரும்" என்பார்கள். "அண்ணா, சாயங்காலம் அரூருக்குத் திரும்புற கடைசி பஸ் எது, அதுக்கு முந்தின பஸ் எது?" என்று கேளுங்கள். என் கணக்கு எப்போதும் அந்த முந்தின பஸ்தான். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவேன்: பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், இறங்க இவ்வளவு நேரம், மேலே இருக்க இவ்வளவு. அந்த நேரம் வந்துவிட்டால் உச்சி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவேன். மலை எங்கும் போகாது, பஸ் போய்விடும்.

கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டால்?

எனக்கு நடந்திருக்கிறது. அரூர் பக்கம் ஒரு மலையடி ஊரில் இறங்கி வர இருட்டிவிட்டது. ஏழரை மணி சுமாருக்கு ஒரு பஸ் வெளிச்சம் தெரிந்தது. அப்பாடா என்று ஓடிப் போய் ஏறினால், உள்ளே கண்டக்டர் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். "இது ஹால்ட்டுங்கண்ணா. காலையில அஞ்சரைக்குத்தான் எடுப்போம்." ராத்திரி கிராமத்துக்கு வந்து, அங்கேயே தங்கி, விடியற்காலை முதல் ட்ரிப்பாகக் கிளம்பும் பஸ் அது. கடைசியாக ஊருக்குள் வரும் பஸ் பல ஊர்களில் இப்படித்தான், திரும்பாது. அன்றைக்கு டிரைவர் தன்னிடமிருந்த இன்னொரு லுங்கியைப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார், எதிர்வீட்டு அக்கா களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தார். கடைசி சீட்டில் கொசுக்கடியோடு படுத்து எழுந்தேன்.

நன்றாக முடிந்தது, ஆனால் அதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அடிவாரத்திலிருந்து மெயின் ரோடு எத்தனை கிலோமீட்டர் என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். மொபசல் பஸ், அதாவது ஊர் விட்டு ஊர் போகும் வெளியூர் பஸ், ஓடும் ரோடு வரை வந்துவிட்டால் இரவு எட்டு, ஒன்பதுக்கும் ஏதாவது கிடைக்கும். ஊர் ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணை வாங்கி வைப்பதும் நல்லது.

பெண்களுக்கு டிக்கெட் இலவசமா? பெண்கள் மட்டும் போகலாமா?

2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்த பஸ்கள் அவை. மொபசல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

என் தங்கையும் அவள் தோழிகளும் தீர்த்தமலைக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் ஞாயிறு காலையில் போய் வருகிறார்கள், அங்கே அந்த நேரத்தில் குடும்பங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ராயக்கோட்டை, மல்லசந்திரம் மாதிரி ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களுக்கு, ஆணோ பெண்ணோ, தனியாகப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கால் பிசகினால் கூப்பிடு தூரத்தில் ஒருவர் வேண்டும். 108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி ஆரம்பம் வரை. மார்ச் முதல் மே வரை பாறை அடுப்புக்கல் மாதிரி காயும், அப்போது போவதென்றால் முதல் பஸ்ஸில் போய்ப் பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சீத்தாப்பழக் காலம். கரடெல்லாம் சீத்தாச் செடி. பஸ் ஸ்டாப்பில் கூடையோடு பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பழம் வாங்கிக்கொண்டு ஏறுங்கள், கொட்டையை மட்டும் கண்ட இடத்தில் துப்பாதீர்கள். மழையும் இடியும் இருந்தால் மொட்டைப் பாறையில் நிற்கவே கூடாது.

யானை, தேனீ, பாம்பு?

யானை பற்றிய பயம் நியாயமானது. ராகி அறுவடையை ஒட்டிய மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வரும். மகாராஜகடைப் பகுதியிலும் வந்து போகும். ஊர்க்காரர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடுங்கள். அதிகாலை இருட்டிலும் அந்தி நேரத்திலும் காட்டோரம் நடக்காதீர்கள்.

கோட்டை மலைகளில் யானையைவிட மலைத்தேனீதான் கவலை. பாறை முகட்டின் அடியில் கறுப்பாகத் தொங்கும் கூட்டைப் பார்த்தால் சத்தம் போடாமல், வாசனை அடித்துக்கொள்ளாமல், புகை வைக்காமல் கடந்துவிடுங்கள். பாம்புக்கு, கை வைக்கும் இடத்தைப் பார்த்துக் கை வைத்தால் போதும்.

என்ன எடுத்துப் போவது?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெயிலில் மூன்று. மேலே சுனைத் தண்ணீர் குடிக்க வேண்டாம். தொப்பி, டார்ச், பிடிமானமுள்ள ஷூ. புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை கெடாது. சில்லறைக் காசு கட்டாயம், காலை முதல் ட்ரிப்பில் ஐநூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் பாவம் எங்கே போவார்?

பேரை எழுதிவைக்கலாமா? எல்லாரும் எழுதியிருக்கிறார்களே!

கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கிறுக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. கல்திட்டை ஒன்றின் பலகைக்கல்லில் சுண்ணாம்பால் இதயம் வரைந்திருந்ததை மல்லசந்திரத்தில் பார்த்தேன். யாரோ ஒருவரின் கல்லறை அது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் துடைத்தோம், பாதிதான் போனது. தேய்த்தால் கல் உரியும் என்று விட்டுவிட்டோம். காலித் தண்ணீர் பாட்டிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் குப்பைத் தொட்டி இருக்கிறது.